பெயர் கேட்காத வீடு

ஸுலீகா தன் புருஷனுக்கே ஜெயிலர் ஆன கதையை எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அழுதுகொண்டு எத்தனை நாள் சொல்வது? அவளே அப்படித்தான் சொல்வாள். "உங்க வீட்டுக்காரங்க எங்க சுத்தறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாடி? எனக்குத் தெரியும். எந்த நிமிஷமும் தெரியும்" என்பாள் ரொட்டிக் கடையில் நிற்கும் பெண்களிடம். அதுவும் லக்தரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேதான். அவனைத் தனியே விட்டுவிட்டு அவள் கடைக்கு வர முடியாது. அவளை விட்டுவிட்டு அவன் குப்பை வாளியைக்கூட வெளியே வைக்க முடியாது.

இரண்டரை வருஷம் சிறையில் வைத்திருந்துவிட்டு, முப்பத்தொரு நிபந்தனை போட்டு அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நிபந்தனைத் தாளின் அடியில் லக்தர் கையெழுத்துப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஸுலீகாவும் போட்டாள். அவன் அவள் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவள் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, அவன் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். வாசலில் கேமரா. போனில் அவர்கள் காது. பட்டியலில் பெயர் இல்லாத யாரும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அவளே பத்து நிமிஷத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவன் திரும்பச் சிறைக்கு.

இனிப்புக் கடையில் ரவைப் பலகாரம் உருட்டிக்கொண்டிருந்த வேலையை அவள் அன்றோடு விட்டாள். அவனுடைய டாக்சி என்றைக்கோ போய்விட்டிருந்தது. மான்ட்ரியலில் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை.

"மனுஷா, கால நீட்டு" என்பாள் சாப்பாட்டுக்குப் பிறகு. "உன்ன சார்ஜ் போடணும்."

கணுக்காலில் மாட்டிய பட்டைக்கு தினமும் இரண்டு மணி நேரம் மின்சாரம் ஏற்ற வேண்டும். அவன் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவான். "நான் செத்தா அடக்கம் பண்றதுக்கு முன்னாடி வயர பிடுங்கிடு. இல்லன்னா கரண்டு பில் ஏறும்" என்பான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அந்த அறையில் ஒரு சத்தமும் இருக்காது. அதுதான் தாங்காது.

இத்தனைக்கும் அவன் செய்தது என்ன? ஒருத்தனுக்குச் சோறு போட்டான்.

2001 ஜனவரி. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் மசூதிப் படியில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். அந்தக் குளிரில் இலையுதிர்காலச் சட்டை. போக இடம் இருக்கிறவன் அப்படி நிற்க மாட்டான். லக்தர் அவன் தோளில் கை வைத்து, "வாடா தம்பி, சூப்பு ஆறிடும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்துவிட்டான்.

லக்தர் அல்ஜீரியாவில் ஜெல்ஃபா பக்கத்து ஆள். ஆட்டு மந்தையும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத மேட்டு நிலம். அங்கே வாசலில் வந்து நிற்கிறவனுக்கு மூன்று நாள் உரிமை உண்டு. மூன்று நாளும் நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் கிளம்பு என்று சொன்ன மாதிரி. நாலாவது நாள் காலையில் காப்பி கொடுத்த பிறகு கேட்கலாம். லக்தரின் அப்பா ஒருமுறை தன் அண்ணனைக் கொன்றவனுக்கே மூன்று நாள் ஆடு அறுத்துப் போட்டுவிட்டு, நாலாம் நாள்தான் பெயர் கேட்டார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டதும் என்ன ஆயிற்று என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பையன் மூன்று நாளும் அதிகம் பேசவில்லை. பத்து விரலாலும் அள்ளித் தின்றான். தூங்கினான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்று தெரிந்தது. ஸுலீகா கிராம்பு கொடுத்தாள். இரண்டாம் நாள் அவன் குளிக்கப் போனபோது துவைக்க எடுத்த கால்சட்டையின் பையில் ஒரு சின்ன அட்டை இருந்தது. பல் டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுத்த அட்டை. அதை அப்படியே எடுத்து மேசையில் வைத்திருக்கலாம். அவள் படித்தாள். பஷீர் கந்தூஸி. பிறந்தது 1980. இவ்வளவு நாளில் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம் என்று யோசித்துக்கொண்டே படித்தாள். அதுதான் உண்மை. அப்புறம் ஈரக்கையால் தொட்ட அட்டையை ஹீட்டர் மேல் காயவைத்து, மடித்த துணியின் மேல் வைத்தாள்.

பையன் வந்து துணியைப் பார்த்தான், சுருண்டு காய்ந்த அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நாலாம் நாள் அவர்கள் காப்பி வைக்க எழுந்தபோது படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது, ஆளைக் காணோம்.

"கேட்டுடுவோமோன்னு போயிட்டான் போல. வெக்கப்பட்ட பிள்ள" என்றான் லக்தர்.

நான் படித்ததால்தான் போனான் என்று ஸுலீகா நினைத்தாள். சொல்லவில்லை. விருந்தாளியின் பையைத் துழாவினவள் என்று ஜெல்ஃபாக்காரனிடம் எந்த வாயால் சொல்வது?

அஞ்சு வருஷம் கழித்து, ஒரு காலையில் டாக்சிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்த லக்தரை நாலு பேர் வந்து கூட்டிப்போனார்கள். குடியுரிமை வாங்கியிருந்தால் கை வைத்திருக்க முடியாது. விண்ணப்பம் மூன்று வருஷமாக அலமாரியில்தான் கிடந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவனும் தள்ளிக்கொண்டே இருந்தான். இப்போது அவன் வெறும் வெளிநாட்டான். நாட்டுக்கு ஆபத்தானவன் என்று இரண்டு மந்திரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் கையெழுத்து சரியா தப்பா என்று பார்ப்பது மட்டும்தான் அதற்கென்று இருந்த ஒரு தனிக் கோர்ட்டின் வேலை. சரி என்று சொல்லிவிட்டால் விமானம். அல்ஜீரியாவில் அது போய் இறங்கும் இடத்தில் உளவுப்படையின் ஜீப் நிற்கும். அந்த ஜீப்பில் ஏறினவர்களைப் பற்றி எங்கள் தெருவில் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

என்ன குற்றம் என்று கேட்டால், அது ரகசியம். முழுக் கோப்பும் ரகசியம். அவனுக்கும் அவனுடைய வக்கீல் ஷான்டாலுக்கும் அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றுதான் கொடுத்தார்கள். அதில் முக்கால்வாசி கறுப்புப் பட்டை. மீதியில் ஒரு வரி: 2001 பனிக்காலத்தில் தடை செய்யப்பட்ட இயக்கத்தின் ஆள் ஒருவரைத் தன் வீட்டில் மறைத்து வைத்திருந்தார்.

"எந்த ஆள்?" என்று ஸுலீகா கேட்டாள்.

"அது கறுப்புக்குள்ள இருக்கு" என்றாள் ஷான்டால்.

லக்தருக்காக அந்தக் கறுப்புக்குள் போய்ப் பார்க்க, கோர்ட்டே ஒரு வக்கீலை நியமித்தது. துரோஷே என்று பெயர். அறுபது வயது, தடித்த கண்ணாடி, எப்போதும் ஜலதோஷம். அவருக்கு ஒரு விசித்திரமான சட்டம். கோப்பைத் திறக்கும்வரை லக்தரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். திறந்துவிட்டால் அதற்குப் பிறகு அவனிடமோ அவன் பெண்டாட்டியிடமோ வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தலையசைக்கக்கூடக் கூடாது. அசைத்தால் அவரே உள்ளே போக வேண்டியதுதான்.

திறக்கும் முன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ஸுலீகா குஸ்குஸ் செய்தாள். டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு, "இந்த டை எனக்குப் பிடிக்காது, நல்லதாப் போச்சு" என்றார். நல்ல மனுஷன். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"நாளைக்கு நான் கோப்பைத் திறக்கறேன். அதுக்கப்புறம் உங்ககிட்ட ஊமை. எதாவது இருந்தா இன்னிக்கே சொல்லிடுங்க. சின்ன விஷயம், வெக்கப்படற விஷயம், எதுவா இருந்தாலும் சரி."

"ஒண்ணுமில்ல மிஸ்யே. எல்லாம் சொல்லியாச்சு" என்றான் லக்தர்.

ஸுலீகா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, துரோஷேயின் கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் விசாரணை. பாதி நாட்கள் அடைத்த அறையில் நடந்தது. அந்த நாட்களில் லக்தரும் ஸுலீகாவும் ஷான்டாலும் நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நீதிபதி, அரசாங்க வக்கீல்கள், துரோஷே. தன் தலையெழுத்தை மூடிய கதவுக்குள் யாரோ வாசிக்க, லக்தர் வெளியே மெஷினில் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பான்.

திறந்த நாள் வந்தது. லக்தரைக் கூண்டில் ஏற்றினார்கள். குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அரசாங்க வக்கீல் இளைஞர், மரியாதையானவர். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

"அந்த மனிதர் உங்க வீட்ல எத்தன நாள் இருந்தார்?"

"மூணு."

"பேர் என்ன?"

"தெரியாது."

"மூணு நாள் சாப்பிட்டார், தூங்கினார், குளிச்சார். பேர் தெரியாது?"

"கேக்கல."

"ஏன் சார் கேக்கல?"

லக்தர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "விருந்தாளிய எப்படிங்க கேப்பாங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதியே குனிந்து கேட்டார்: "உங்க டாக்சியில ஏறினவங்க கிட்ட எங்க போகணும்னு கேப்பீங்கல்ல?"

"அது தொழில் ஐயா. இது வீடு."

"ஆள் எப்படி இருந்தார்?"

"சின்னப் பையன். இருபது இருக்கும். பல்வலி."

"உங்க மனைவியாவது கேட்டிருப்பாங்களா?"

லக்தர் நிமிர்ந்தான். அந்தக் கோர்ட்டில் அவன் அவ்வளவு நிமிர்ந்து நின்றதை அன்று ஒருமுறைதான் பார்த்தோம். "கை இன்னும் வேதத்து மேல இருக்கு ஐயா. என் வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க."

ஸுலீகாவின் முறை மறுநாள். அன்று காலை முழுக்க ஒரே கணக்குத்தான் அவள் மண்டையில். பெயரைச் சொன்னால் லக்தர் பொய்ச் சத்தியம் செய்தவன். அது மட்டுமா? கறுப்புப் பட்டைக்குள் இருக்கும் பெயர் அதே பஷீர் கந்தூஸியாக இருந்தால்? அந்தப் பால்மணம் மாறாத மூஞ்சிக்குள் யார் ஒளிந்திருந்தார்களோ, யார் கண்டது? தன் வாயாலேயே புருஷன் கழுத்தில் சுருக்கு மாட்டினவள் ஆவாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இருக்கிறது இருக்கிறபடி இருக்கும். அவர்கள் பக்கத்தில் ஒருத்தருக்குத்தான் விடை தெரியும். அவர் கையில் கைக்குட்டையோடு லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார்.

லக்தரை ஷான்டாலின் பார்வையில் விட்டுவிட்டு அவள் ஓடினாள்.

"மிஸ்யே துரோஷே, ஒண்ணே ஒண்ணு. எனக்கு ஒரு பேர் தெரிஞ்சு நான் அதச் சொன்னா, நல்லதா கெட்டதா? வாயால சொல்ல வேணாம். கண்ண மூடித் திறங்க போதும்."

அவர் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கினார், ஏதோ வண்டி மோத வருகிற மாதிரி. கண்ணை மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை. லிஃப்ட் திறந்ததும் பின்பக்கமாகவே நடந்து உள்ளே போய், கதவு சாத்தும்வரை கையை இறக்காமல் நின்றார்.

சொல்லாதே என்கிறார், என்று ஸுலீகா நினைத்தாள். வேறு எப்படித்தான் நினைப்பாள்?

"அந்த விருந்தாளியோட பேர் உங்களுக்குத் தெரியுமா மதாம்?" என்று கூண்டில் கேட்டபோது லக்தரைப் பார்த்தாள். அவனுக்குத் துளிக் கவலை இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத்தான் தெரியுமே.

"தெரியாது" என்றாள்.

தீர்ப்பு அக்டோபரில் வந்தது. ஒரு மத்தியானம் ஷான்டால் அதைக் கையிலேயே கொண்டுவந்தாள். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள், அதிலேயே தெரிந்துபோயிற்று. மந்திரிகளின் கையெழுத்து சரி. நூற்றுப்பத்துப் பக்கம், பாதி கறுப்பு. ஆனால் இந்தத் தடவை ஒரு பத்தியை மறைக்காமல் விட்டிருந்தார்கள். ஷான்டால் கிளம்பிப் போன பிறகு, காலில் வயரோடு சுவரோரம் உட்கார்ந்து லக்தர் அதைச் சத்தமாகப் படித்தான்.

வீட்டில் தங்கியவர் ஸுபைர் தல்ஹாவி என்ற நாற்பத்திரண்டு வயது ஆள், வெடிமருந்தில் இடது கையில் மூன்று விரல் இழந்தவர் என்று அரசு சொல்கிறது. இருபது வயதுப் பையன் என்று குடும்பத்தலைவர் சொல்கிறார். பெயரே தெரியாத ஒருவரை மூன்று நாள் வைத்திருந்தேன் என்று சொல்பவரின் பேச்சை இந்த நீதிமன்றத்தால் நம்ப இயலவில்லை. வந்தவர் வேறு ஆள் என்று காட்ட ஒரு சாட்சியோ, ஒரு தாளோ, ஒரு பெயரோகூட நம் முன் வைக்கப்படவில்லை.

"மூணு விரலா?" லக்தர் தாளைக் கீழே வைத்தான். "அந்தப் பிள்ளைக்குப் பத்து விரலும் இருந்துச்சேடி. சட்டிய வழிச்சு நக்கினானே. யாரையோ நெனச்சு யாரையோ..."

ஸுலீகாவின் காதில் அதற்குமேல் விழவில்லை. ஒரு பெயரோகூட. லிஃப்ட் வாசலில் துரோஷே கையைத் தூக்கியது எதற்கென்று அப்போது புரிந்தது. அவர் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் நின்றிருக்கிறார்.

"பஷீர் கந்தூஸி" என்றாள்.

"யாரது?"

அவள் சொன்னாள். கால்சட்டை, அட்டை, ஹீட்டர், கோர்ட், எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். திட்டுவான், வயரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நீட்டிய காலையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"பைய தொட்டியா" என்றான் கடைசியில்.

"தொட்டேன். இப்ப ஷான்டால் கிட்ட சொல்றேன். அவனத் தேடிப் பிடிக்கலாம். வந்து நின்னான்னா போதும். பத்து விரல விரிச்சுக் காட்டினா போதும் மனுஷா!"

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"அந்தக் குளிர்ல கோட்டு இல்லாம நின்னவன். அவங்கிட்ட மட்டும் தாள் இருக்கும்னு நெனக்கிறியா? அவன் பேர இவங்க வாயில போட்டா என்னை விட்டுட்டு அவனத் தின்னுவாங்க. இல்ல ரெண்டு பேரையும் தின்னுவாங்க. என் உப்பத் தின்னவன காட்டிக்குடுத்துட்டு நான் இங்க உக்காந்து டீ குடிக்கணுமா?"

"ஜீப் நிக்கும் லக்தர். அங்க ஜீப் நிக்கும்."

"தெரியும்" என்றான். "சத்தியம் பண்ணு."

அவள் பண்ணினாள். வேறென்ன செய்வது? அன்று இரவு எட்டு மணிக்குப் போன் செய்து, "இருக்காரு" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணி. அதே குரல், அந்த அதிகாரியின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. "காலை வணக்கம் மதாம். இருக்காரா?" அவள் வாயைத் திறந்தாள். இருக்காரு என்ற சொல் வரவில்லை. எத்தனை நாள் இன்னும் இந்தச் சொல்லைச் சொல்வோம், அதற்கப்புறம் இதைச் சொல்ல ஆள் இருக்காதே என்று தோன்றியது. அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி வந்துவிட்டது.

"அவன் பேரு பஷீர் கந்தூஸி. 1980ல பொறந்தவன். பத்து விரலும் இருக்கு. பல் டாக்டர் கிட்ட போயிருக்கான், அங்க எழுதியிருக்கும். மூணு நாள் இருந்தது அவன்தான். நான் படிச்சேன், என் புருஷனுக்குத் தெரியாது. எழுதிக்குங்க. கோர்ட்டுல சொல்லுங்க..."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டு நின்றது.

"மதாம், இந்த லைன் அதுக்கு இல்ல. அவர் இருக்காரா, இல்லையா?"

திரும்பினாள். லக்தர் குளியலறை வாசலில் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"இருக்காரு" என்றாள்.

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். பார்வையை விட்டு மறையக் கூடாது என்பது நிபந்தனை. அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஷான்டாலிடமும் சொன்னாள். மானம் போனது போனதுதான். ஷான்டால் தலையில் கை வைத்துக்கொண்டு மனு எழுதினாள். தீர்ப்புக்குப் பிறகு முளைத்த பெயர், அதுவும் தெரியாது என்று சத்தியம் செய்த மனைவியின் வாயிலிருந்து முளைத்த பெயர் என்று நாலே வரியில் தள்ளிவிட்டார்கள். மார்ச் மாதத்துக்கு விமானத் தேதி பேச ஆரம்பித்தார்கள். ஜீப் நிற்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஷான்டால் போட்ட இன்னொரு மனு மட்டும் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. அதுதான் மிச்சமிருந்த ஒரே நூல்.

லக்தர் பேசுவதை நிறுத்தவில்லை. உப்பு எடு, ஜன்னலைச் சாத்து, என்பான். ஆனால் மத்தியானம் காலை நீட்டும்போது அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஸுலீகா ஒருமுறை முயன்று பார்த்தாள். "உன்ன சார்ஜ் போடட்டுமா மனுஷா?" அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஜனவரிக் கடைசியில், பனி அப்பிக்கிடந்த ஒரு பகலில் அழைப்பு மணி அடித்தது. ஸுலீகா கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். தலைமுக்காட்டின் மேல் பனி. வாடகைக் காரில் வந்தவள் இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறாள். அந்தப் பையனுக்கு இருந்த அதே அகலமான நெற்றி. ஸுலீகாவுக்கு அவளை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கதானா?" என்றாள் வந்தவள். குரல் உயரவில்லை. "என் தம்பி உங்க வீட்ல மூணு நாள் சாப்பிட்டான். பத்து வருஷமா சொல்லிட்டிருந்தான், அப்படி ஒரு சூப்பு நான் எங்கயும் குடிச்சதில்லக்கான்னு. கோழிப் பண்ணையில வேல செஞ்சுகிட்டு ஒரு வம்புக்கும் போகாம இருந்தான். போன மாசம் வந்து கூட்டிப் போயிட்டாங்க. தாள் இல்லன்னு. பேரு எப்படிக் கெடச்சதுன்னு கேட்டா, நீங்க போன்ல சொன்னீங்களாம். அப்படியாம்மா? நீங்களா சொன்னீங்க?"

அந்த லைன் அதற்கில்லை என்றார்களே! கோர்ட்டுக்கு ஆகாத பெயர், நம்ப முடியாத பெயர், ஒருத்தனைப் பிடித்து அடைக்க மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது. உள்ளே வா என்று ஸுலீகாவால் சொல்ல முடியவில்லை. தலைக்கு மேல் கேமரா. பனி காற்றோடு நடைக்குள் வீசியது. இவள் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

"யாரு வாசல்ல?" உள்ளேயிருந்து லக்தர் கத்தினான். "யார நிக்க வெச்சிருக்க?"

"பட்டியல்ல இல்லாதவங்க" என்றாள் ஸுலீகா. இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

வயரைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. லக்தர் வந்தான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது என்று ஸுலீகா கண்டுகொண்டாள். வந்தவள் மறுபடி வாயெடுத்தாள். "நான் யாருன்னா..."

"அப்புறம் சொல்லிக்கலாம் தங்கச்சி" என்றான். "முதல்ல உள்ள வா. சூப்பு ஆறிடும்."

"லக்தர், வேணாம்" என்றாள் ஸுலீகா. "மனு இன்னும் இருக்கு. இது ஒண்ணு போதும் அவங்களுக்கு."

"உன் வேலைய நீ பாரு. போன் பண்ணணும்னா பண்ணு." மூன்று மாதத்தில் அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கோட்டை வாங்கி மாட்டினான், ஹீட்டர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். திட்ட வந்தவள் திட்டவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தாள். ஸுலீகா சூப்பைச் சுடவைத்து, கொத்தமல்லி தூவி, ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். மேசையில் கொஞ்சம் கொட்டியது.

பத்து நிமிஷம் கடந்தது. அவள் போனைத் தொடவில்லை. போன்தான் அடித்தது.

"மதாம், உங்க வீட்டுக்குள்ள ஒரு பெண் வந்திருக்காங்க."

"ஆமா."

"யாரு?"

"விருந்தாளி."

"பேர் என்ன?"

அந்தப் பெண் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லக்தரும் பார்த்தான்.

"தெரியாது" என்றாள் ஸுலீகா. "கேக்கல."

போனில் பெருமூச்சு கேட்டது. நம்பவில்லை என்பது அந்தப் பெருமூச்சிலேயே தெரிந்தது. அந்த வீட்டைப் பற்றி அவள் அவர்களிடம் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான். லக்தர் ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

மூன்று நாள் பொறுக்க அவர்களுக்கு வழக்கமில்லை. சூப்பு ஆறுவதற்குள் வந்துவிட்டார்கள். லக்தரை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, அவர்களில் ஒருத்தர் மேசையருகே குனிந்து அந்தப் பெண்ணிடம் அவள் பெயரைக் கேட்டார். லக்தர் கையில் விலங்கு மாட்டும்போதுகூடத் தலை குனியவில்லை; தன் வீட்டில், தன் மேசையில், சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளி பெயர் சொன்னபோதுதான் குனிந்தான்.